மாதம் நின்ற பிறகு தோல்: சில குறிப்புகள்

பக்கத்து வீட்டு அக்காவுக்கு வயது 48. ராத்திரி படுத்தால் கெண்டைக்கால் நமைக்கிறது என்கிறார். சொறிந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறது. பாயை உதறி வெயிலில் காயப்போட்டார். மூட்டைப்பூச்சி மருந்து அடித்தார். கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தினார். நமைச்சல் நிற்கவில்லை.

"கடைசியா எப்பக்கா தலைக்கு ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

"அது போன ஆடியோட நின்னுபோச்சு. அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்?"

சம்பந்தம் நிறைய இருக்கிறது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

*

தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நடப்பது நம் நாட்டில் 46, 47-லேயே நடக்கிறது. சூலகம் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அந்த ஈஸ்ட்ரோஜனுக்குக் கருப்பையில் மட்டும் வேலை இல்லை. தோலின் உயிரணுக்களும் அதை ஏற்று வேலை செய்கின்றன. தோலில் எண்ணெய்ப் பசை இருப்பதற்கும், ஈரம் தங்குவதற்கும், காயம் சீக்கிரம் ஆறுவதற்கும் அதன் தயவு வேண்டும்.

எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலையில் பழைய வீடுகளின் சுவரைப் பார்த்தவர்களுக்குக் கொலாஜன் என்றால் என்ன என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். மூங்கில் படல் கட்டி, அதன்மேல் மண்ணை அப்பிய சுவர் அது. தோலுக்குள் அந்தப் படல்தான் கொலாஜன். மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் இந்தக் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடுகிறது. அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. படல் இற்றால் மண் சரியும். கன்னம் தொங்குவதும், கைத்தோல் காகிதமாக மெலிவதும், லேசாக இடித்தாலே கன்றிப்போவதும் அதனால்தான்.

முதல் ஐந்து ஆண்டு என்பதை அடிக்கோடிட்டு வைக்க வேண்டும். கவனிப்பு அதிகம் பலன் தரும் காலமும் அதுதான். நம் பெண்கள் மகள் கல்யாணம், மகன் படிப்பு, மாமியார் வைத்தியம் என்று தங்களை அடியோடு மறந்துபோகும் காலமும் அதுதான்.

*

கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால் இதெல்லாம் படிப்படியாக வராது, ஒரே ராத்திரியில் வரும். சூலகத்தை விட்டுவைத்தாலும் சில ஆண்டுகள் முன்னதாகவே மாதவிலக்கு நிற்கும் காலத்து மாற்றங்கள் தொடங்கிவிடுவது உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 100-க்கு 3 பேருக்கு மேல் கருப்பையை எடுத்துக்கொண்டவர்கள். "பையை எடுத்துட்டாங்க, தொல்லை விட்டுச்சு" என்று சொல்கிறவரிடம், சூலகத்தையும் எடுத்தார்களா என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது என்றே பதில் வருகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டில் அது எழுதியிருக்கும். அந்தச் சீட்டைத் தூக்கி எறியக் கூடாது.

*

மழைக்காலம் முடிந்து கரும்பு வெட்டு தொடங்கினால் மூங்கில்துறைப்பட்டுப் பக்கமும் கச்சிராயபாளையம் பக்கமும் பெண்களின் உடையைப் பாருங்கள். புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு, அதன் நுனி கழுத்தையும் காதையும் மூடி முடிச்சிட்டிருக்கும். கரும்புச் சோகையின் அறுப்புக்காகப் போட்டுக்கொள்வது என்பார்கள். அது வெயிலுக்கும் கவசம். தோல் மருத்துவர் எழுதிக்கொடுக்கும் எந்தச் சன்ஸ்கிரீனும் இதற்கு ஈடாகாது. சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்வையில் வழிந்துவிடும். சட்டை வழியாது.

மூடாமல் விடுவது முகம், புறங்கை, பாதம். மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் மெலனின் ஓரளவு காவல். அதனால் வெள்ளைக்காரப் பெண்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாக வருகிறது. ஆனால் மங்கு நமக்குத்தான் அதிகம். கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் படரும் அந்தக் கரும்படலத்துக்கு வெயில் ஒரு காரணம், ஹார்மோன் ஒரு காரணம்.

மலையில் இன்னொன்று கவனிக்க வேண்டும். சின்னக் கல்வராயன் ஏறக்குறைய 2700 அடி, பெரிய கல்வராயன் 4000 அடி. காற்று குளிர்ச்சியாக இருப்பதால் வெயில் உறைப்பது தெரியாது. உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடத்தான் செய்யும், 1000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம். சாமைக்கொல்லையிலும் மரவள்ளிக்கொல்லையிலும் குனிந்து களை எடுக்கும் பெண்ணுக்குப் பிடரியில்தான் முழு வெயிலும் விழுகிறது. மார்கழி, தை மாதங்களில் வறண்ட குளிரும் சேர்ந்துகொள்கிறது. சாயங்காலம் விறகடுப்பின் முன் உட்கார்ந்து அந்த அனலையும் புகையையும் முகத்தில் வாங்கிக்கொள்வது வேறு.

முகத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தவர்கள் எஸ்.பி.எஃப். 30 போட்டது வாங்கினால் போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூச வேண்டும். பட்டாணி அளவு பூசுவது பூசாததற்குச் சமம்.

*

குதிகால்.

1934-ல் ஹாக்ஸ்தாவ்சன் என்ற டென்மார்க் மருத்துவர் எழுதினார்: மாதவிலக்கு நிற்கும் வயதுப் பெண்களுக்கு உள்ளங்காலில், அழுத்தம் விழும் இடங்களில், தோல் தடித்து வெடிக்கிறது. குதிகாலில் தொடங்குகிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு அதிகம். இன்றும் அந்த நோய்க்கு அவர் பெயரைச் சொல்கிறார்கள். நாம் எல்லாவற்றையும் பித்தவெடிப்பு என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம்.

வெடிப்பு ஆழமாகிப்போன ஒரு அம்மாவின் குதிகாலைக் கிட்டத்தில் பார்த்தேன். விளிம்பு முழுக்க மஞ்சளாகத் தடித்து, சுண்டினால் கட்டைபோல் சத்தம் வந்தது. வெடிப்புக்குள் செம்மண் இறுகிப்போயிருந்தது. ஒரு வெடிப்பின் அடியில் இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. அவர் காலை ஊன்றும்போது குதியைத் தூக்கி, பாதத்தின் முன்பக்கத்தால் நடக்கிறார். அப்படியே நடந்து நடந்து முட்டிவலியும் வந்திருக்கிறது. முட்டிவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வெடிப்புக்கு ஒன்றும் செய்யவில்லை. "சேத்துல கால வெக்கிறவளுக்கு இது இல்லாம இருக்குமா?" என்கிறார்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் காலை வைத்திருக்க வேண்டும். சொரசொரப்பான கல்லால் லேசாகத் தேய்க்க வேண்டும், ரத்தம் வரும் வரை தேய்க்கக் கூடாது. துடைத்த கையோடு, ஈரம் காய்வதற்குள், வாசலின் தடவிப் பழைய பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். தடிப்பு அதிகம் என்றால் யூரியா கலந்த களிம்போ, சாலிசிலிக் அமிலக் களிம்போ மருத்துவர் எழுதித் தருவார். விலை குறைவுதான். அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் குங்கிலிய வெண்ணெய் தருவார்கள், அதையும் கேட்டு வாங்கலாம். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்தால் குணம் தெரியும். விட்டுவிட்டால் திரும்ப வரும்.

சர்க்கரை உள்ளவர்கள் பிளேடால் செதுக்கவே கூடாது. கல்லும் வேண்டாம். வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்து காலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போனவர்கள் உண்டு. மாதவிலக்கு நிற்கும் வயதும் சர்க்கரை தலைகாட்டும் வயதும் நம் ஊரில் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே விடாத வறட்சி, நமைச்சல் என்றால் சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் போட்டுவிட்டு உட்காரக் கூடாது.

*

கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டால்தான் குளித்த மாதிரி இருக்கிறது என்பவர்கள் நம் வீடுகளில் அதிகம். மலையில் கேட்கவே வேண்டாம். ஆனால் சுடுதண்ணீர் தோலில் மிச்சமிருக்கும் எண்ணெயையும் கழற்றிவிடுகிறது. வெதுவெதுப்பு போதும். தோல் லேசான அமிலத்தன்மை உடையது, சோப்பு காரம். நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தால் வறட்சிதான் மிஞ்சும். அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு, மற்ற இடத்துக்குத் தண்ணீர் போதும் என்று வைத்துக்கொள்ளலாம். பீர்க்கங்கூட்டால் பரபரவென்று தேய்ப்பதை 45-க்குப் பிறகு நிறுத்திவிட வேண்டும்.

குளித்ததும் துண்டால் ஒற்றி, உடம்பு ஈரமாக இருக்கும்போதே எண்ணெய் தடவ வேண்டும். இந்த நேரம்தான் முக்கியம். எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது, இருக்கும் ஈரத்தைப் பூட்டி வைக்கும். காய்ந்த உடம்பில் தடவினால் பூட்ட அங்கே எதுவும் இல்லை. தேங்காய் எண்ணெயை மினரல் ஆயிலோடு ஒப்பிட்டு 2004-ல் பிலிப்பைன்ஸில் ஓர் ஆய்வு நடந்தது. வறண்ட தோலுக்கு இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன. ஆகவே விலை உயர்ந்த லோஷன் வாங்க முடியவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். முகத்தில் பரு வருகிறவர்கள் மட்டும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்கலாம். 50 வயதில் பருவா என்று கேட்பார்கள். வரும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது ஆண் ஹார்மோனின் கை ஓங்குகிறது. தாடையில் பருவும் மோவாயில் இரண்டு மூன்று முரட்டு முடியும் முளைப்பது அதனால்தான். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிடுங்கினால் அடர்த்தியாக வளரும் என்பதும் பொய்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நல்லதுதான். ஆனால் அன்றைக்குச் சீயக்காயை உடம்பெல்லாம் போட்டுத் தேய்த்து, வைத்த எண்ணெய் முழுவதையும் எடுத்துவிடுகிறோம். தலைக்குச் சீயக்காய், உடம்புக்குக் கொஞ்சம் பயத்தமாவு. அது போதும்.

ஜவ்வரிசி ஆலைகளில் மரவள்ளித் தோல் சீவும் பெண்களுக்கும், பத்துப் பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்கும் கை எப்போதும் ஈரம். ஈரத்தில் ஊறி ஊறிக் காயும் கை சீக்கிரம் வெடிக்கும். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவுவது அவர்களுக்குச் சாப்பாட்டைப் போல அன்றாட வழக்கமாக வேண்டும்.

*

பாவாடை நாடா. இதை யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

1945-ல் பம்பாயில் கானோல்கரும் சூர்யாபாயும் வேட்டியை இறுக்கிக் கட்டும் இடத்தில் வரும் தோல் புற்றுநோயைப் பற்றி எழுதினார்கள். புடவைக்குள் பாவாடை நாடாவை இறுக்கும் பெண்களுக்கும் அதே இடத்தில் வருவது பிறகு தெரிந்தது. 2024-ல் மகாராஷ்டிரத்து வார்தாவையும் பீகாரையும் சேர்ந்த மருத்துவர்கள் அறுபதுகளின் கடைசியிலும் எழுபதிலும் இருந்த இரண்டு பெண்களின் கதையை மருத்துவ இதழில் எழுதினார்கள். இருவருக்கும் இடுப்பில் ஆறாத புண். எல்லோருக்கும் இது வரும் என்று பயப்பட வேண்டாம், அரிதாக வருவதுதான். ஆனால் இடுப்பைச் சுற்றிக் கறுத்த வளையம், செதில், அரிப்பு ஆகியவை நம் வீட்டுப் பெண்களில் பலருக்கும் இருக்கும். முப்பது, நாற்பது வருஷமாக அறுத்த அதே நாடா, தோல் மெலிந்த பிறகும் அதே இடத்தில் அறுக்கிறது.

நாடாவுக்குப் பதில் அகலமான பட்டை வைத்துத் தைக்கலாம். கட்டும் இடத்தைத் தினம் ஓர் அங்குலம் ஏற்றி இறக்கலாம். வீட்டில் நைட்டி. இடுப்பில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

நெற்றிக்கும் இதேபோல் ஒன்று. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு வேதிப்பொருள் சிலருக்கு அந்த இடத்தை வெளுக்க வைக்கிறது. பொட்டு வைத்த வட்டம் அப்படியே வெள்ளையாக நிற்கும். அரிக்கத் தொடங்கியதுமே ஸ்டிக்கரை விட்டுவிட வேண்டும். நரைக்குப் போடும் கறுப்புச் சாயம், பாக்கெட்டில் வரும் கறுப்பு மருதாணி ஆகியவற்றையும் முதலில் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்த பிறகே தலைக்குப் போட வேண்டும்.

*

இனி எழுதப்போவது கோபத்தோடு.

மருந்துக்கடையில் போய் "மங்குக்கு ஒரு கிரீம் குடுங்க" என்றால் கை தயங்காமல் ஒரு டியூப் வருகிறது. உள்ளே ஸ்டீராய்டு. பத்து நாளில் முகம் பளபளக்கும். நிறுத்தினால் எரியும், சிவக்கும், முன்னைவிடக் கறுக்கும். மறுபடி வாங்குவார்கள். ஸ்டீராய்டு தோலை மெலியவைக்கும் மருந்து. ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும் தோலில் அதைத் தடவுவது கொடுமை. கன்னத்தில் சிவப்பு நரம்பு ஓடி, முடி முளைத்து, வெயிலில் தலைகாட்ட முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு நிற்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். சிலந்தி வலைபோல் பின்னிய அந்த நரம்புகள் பிறகு தானாக மறைவது அரிது. 2018-லேயே இந்தக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அரசு சட்டம் கொண்டுவந்துவிட்டது. சட்டம் தாளில் இருக்கிறது, டியூப் கடையில் இருக்கிறது.

வெளுப்பாக்கும் கிரீம் இன்னும் மோசம். பாதரசம் கலந்த கிரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை 2023-ல் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். என்ன கலந்தது என்று அட்டையில் எழுதாத கிரீமைச் சந்தையில் வாங்கி முகத்தில் பூச வேண்டாம். நம் நிறம் நோய் இல்லை.

*

ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிட்டால் தோல் மினுமினுக்குமாமே என்று கேட்கிறார்கள். தோலுக்காக மட்டும் அதை யாரும் எழுதித் தருவதில்லை. தாங்க முடியாத அனல், தூக்கமின்மை, எலும்புத் தேய்வு என்று வேறு தேவை இருந்து, மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்ற வரலாறு இல்லையென்று பார்த்து மருத்துவர் முடிவெடுக்கும் விஷயம் அது. கொலாஜன் பொடிக்கு மாதம் ஆயிரக்கணக்கில் கொடுப்பதும் தேவையில்லை. ஒரு முட்டை, கொள்ளு, மொச்சை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, காலத்துக்கு ஒரு நெல்லிக்காய். மலையில் இதெல்லாம் விளைகிறது. விளைவித்தவர் தட்டில் கடைசியாக விழுகிறது.

திடீரென்று குப்பென்று அனல் ஏறி வேர்த்துக் கொட்டும்போது நைலக்ஸ் புடவை ஒட்டிக்கொண்டு இன்னும் அரிக்கும். பருத்தி உடுத்தலாம். சூடான டீயும் காரமும் சிலருக்கு அதைக் கிளப்பிவிடும்.

*

கடைசியாக, சொல்லக் கூச்சப்படும் இடம். பிறப்புறுப்பின் தோலும் இந்த வயதில் மெலிந்து வறள்கிறது. எரிகிறது, சிறுநீர் போனால் கடுக்கிறது, கணவரோடு சேர்ந்தால் வலிக்கிறது. அதற்கு டெட்டால் ஊற்றிக் கழுவுகிறார்கள், படிகாரம் போடுகிறார்கள், சோப்பால் தேய்க்கிறார்கள். மூன்றும் புண்ணைக் கூட்டும். தண்ணீர் மட்டும் போதும். இதற்கென்றே ஈஸ்ட்ரோஜன் களிம்பு இருக்கிறது, மருத்துவர் தருவார். அரிப்போடு தோல் வெள்ளையாகத் தடித்தால் அது வேறு நோயாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் ஒரு சிலருக்குப் புற்றாக மாறும். 12 மாதம் நின்றுபோன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் போக வேண்டும்.

இதற்கெல்லாம் எங்கே போவது? 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது. முண்டியம்பாக்கம், சேலம், ஜிப்மர் என்று மேல்சிகிச்சைக்கு அலைந்தவர்களுக்கு இப்போது பக்கத்திலேயே இருக்கிறது. தோல் பிரிவும் மகளிர் பிரிவும் இலவசம். மலைமேல் இருக்கும் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வருவது ஒருநாள் கூலியை விழுங்கும், அது உண்மை. அதனால்தான் இந்த வேண்டுகோள்: 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அப்படி வரும் தங்கைகள் 45 வயது தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் இன்னும் மூன்று கேள்வி கேட்கட்டும். மாதம் நின்றுவிட்டதா? எங்காவது நமைச்சலோ ஆறாத புண்ணோ உண்டா? முகத்துக்கு என்ன கிரீம் போடுகிறீர்கள்? கூடவே ஒரு டப்பா வாசலின் கொடுக்கவும் அரசு ஏற்பாடு செய்யலாம், பெரிய செலவு இல்லை. அதுவரை, இதைப் படிக்கும் மகள்களும் மருமகள்களும் வீட்டில் இருக்கும் அம்மாவிடமும் அத்தையிடமும் அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிடுங்கள்.